மௌனம் சம்மதமா?

அன்புள்ள ஐயா,

வீட்டுத் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவிக்கு ஒரு நிறுவனத்திடம் ஓராண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருந்தோம். அது முடியும் சமயத்தில், ‘ஏழு நாட்களுக்குள் மறுக்காவிட்டால் அடுத்த ஆண்டுக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. நான் பதில் போடவில்லை. இப்போது 4,800 ரூபாய்க்குப் பில் வந்திருக்கிறது. “மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி, கட்டித்தான் ஆகவேண்டும்” என்கிறார் என் மாமனார். சட்டமும் அப்படித்தான் சொல்கிறதா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மாமனாரின் வாசகம் கல்யாணப் பேச்சில் புழங்குவது. (பெண் தலைகுனிந்திருந்ததைச் சம்மதம் என்று முடிவுகட்டியது அங்கேயும் நியாயமில்லை என்பது என் கட்சி.) ஒப்பந்தச் சட்டத்தில் அது செல்லாது.

இதற்குச் சட்ட மாணவர்கள் எல்லோரும் படிக்கும் பழைய ஆங்கிலேய வழக்கு ஒன்று உண்டு. பால் ஃபெல்ட்ஹவுஸ் என்பவர் தன் சகோதரர் மகன் ஜானிடம் ஒரு குதிரையை விலை பேசினார். பேசிய விலை 30 பவுண்டு என்று இவர் நினைத்திருந்தார். 30 கினி, அதாவது 31 பவுண்டு 10 ஷில்லிங், என்று அவன் நினைத்திருந்தான். வித்தியாசத்தைப் பாதியாக்கி, ‘உன்னிடமிருந்து மறுமொழி வராவிட்டால் 30 பவுண்டு 15 ஷில்லிங்குக்குக் குதிரை என்னுடையது’ என்று பெரியவர் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. ஜானுக்கோ விற்க முழுச் சம்மதம். பண்ணைச் சாமான்கள் ஏலத்துக்குப் போனபோது, அந்தக் குதிரையை மட்டும் ஒதுக்கிவைக்கும்படி ஏலக்காரர் பிண்ட்லியிடம் சொல்லியும் இருந்தான். அவர் மறந்துபோய் விற்றுவிட்டார். பெரியவர் ஏலக்காரர்மீது வழக்குப் போட்டார். 1862இல் தோற்றார். ஜான் மனதுக்குள் ஒப்புக்கொண்டிருக்கலாம், ஏலக்காரரிடம் சொல்லியிருக்கலாம், பெரியவரிடம் சொல்லவில்லையே. அதனால் ஏலத்தன்று குதிரை அவருடையதாகவில்லை.

விற்க விரும்பியவனின் மௌனமே ஏற்பாகவில்லை என்றால், விருப்பமே இல்லாத உங்கள் மௌனம் எப்படி ஆகும்? மறுக்கும் வேலையை உங்கள் தலையில் கட்ட அந்த நிறுவனத்துக்கு உரிமை கிடையாது. நம்முடைய 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்திலும், முன்மொழிவு பெற்றவர் தன் இசைவைத் தெரிவித்தால்தான் அது ஏற்பு. 7ஆம் பிரிவு, ஏற்பு முழுமையாகவும் நிபந்தனையின்றியும் இருக்க வேண்டும் என்கிறது.

ஆனால் வாயைத் திறக்காமலேயே ஏற்றுக்கொள்ளவும் முடியும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தச் செய்திக்குப் பிறகு அவர்களுடைய ஆள் வந்து ஃபில்டரை மாற்ற நீங்கள் அனுமதித்திருந்தால், அல்லது பில்லில் ஒரு பகுதியையாவது கட்டியிருந்தால், உங்கள் நடத்தையே ஏற்பு என்று அவர்கள் வாதாடலாம். இன்னொன்று, சென்ற ஆண்டு கையெழுத்திட்ட படிவம். மறுக்காவிட்டால் ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படும் என்று பொடி எழுத்தில் ஒரு வரி அதில் இருந்தால், அவர்கள் பிடித்துக்கொள்வது உங்கள் மௌனத்தை அல்ல, அன்று போட்ட கையெழுத்தை. அப்படி இருந்தால் படிவத்தோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இரண்டும் இல்லையென்றால் பணம் கட்ட வேண்டாம். ‘புதுப்பிக்க நான் சம்மதிக்கவில்லை, இனி ஆள் அனுப்ப வேண்டாம்’ என்று அதே வாட்ஸ்அப் எண்ணுக்கு இன்றே எழுதிவிடுங்கள். எழுத வேண்டிய கடமை உங்களுக்கு இல்லைதான். நாளை அவர்கள் ஆள் வாசலில் வந்து நிற்கும்போது கையில் காட்ட ஒன்று இருக்கும்.