ஆட்சியில் பலம், அதிகாரம், மக்களின் ஏற்பு: மூன்றும் ஒன்றுதானா?

இல்லை, மூன்றும் வேறு வேறு. நம் குமரி மாவட்டத்து வரலாற்றை வைத்தே சொல்கிறேன்.

1750-இல், குமரியும் அடங்கியிருந்த திருவிதாங்கூரின் மன்னர் மார்த்தாண்ட வர்மா, தன் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிவைத்தார். தன் வாளைச் சாமி முன் வைத்துவிட்டு, 'பத்மநாபதாசன்' என்ற பெயரில் அதே நாட்டை ஆண்டார். படைபலம் ஏற்கெனவே அவர் கையில்தான் இருந்தது. அப்புறம் ஏன் இது? பயந்து பணிகிறவன், காவல் விலகியதும் நிமிர்ந்துவிடுவான். "இவர் ஆள்வது முறைதான்" என்று ஜனங்கள் மனதில் படவேண்டும். அதுதான் ஏற்பு, அதைச் சாமி பெயர் கொடுத்தது.

அதிகாரம் நாற்காலியோடு வருவது. தாசில்தார் மாற்றலாகிப் போய்விட்டால், அவர் கையெழுத்தை வைத்து இங்கே புதிதாக ஒரு சான்றிதழ்கூட வாங்க முடியாது.

1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழகத்தோடு சேரக் கேட்டுப் போராடியவர்களைப் போலீஸ் சுட்டது. நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. அன்று இந்தப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர்-கொச்சி அரசிடம் துப்பாக்கி இருந்தது, சட்டம் தந்த அதிகாரமும் இருந்தது. தமிழ் பேசும் தாலுகாக்களில் ஏற்பு மட்டும் இல்லை. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன.