கப்பலில் பட்டுச்சேலை கட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 57. திருநகரில் இருக்கிறோம். என் கணவரின் அறுபதாம் கல்யாணம் தை மாதம் திருக்கடையூரில் நடந்தது. அதற்குப் பரிசாக, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன், அங்கிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் நான்கு இரவுப் பயணத்துக்கு எங்களுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருக்கிறான். ஒரு நாள் இரவு விருந்துக்கு எல்லோரும் ஃபார்மல் உடையில் வர வேண்டுமாம். மருமகள் எனக்கு ஒரு நீல நிற கவுன் வாங்கி அனுப்பியிருக்கிறாள். அவருக்குக் கோட்டு சூட்டுக்கு அளவு கேட்கிறாள். “வேட்டியை மதிக்காத இடத்துக்கு நான் வரவில்லை. இதற்கு நம் மாநிலத்தில் சட்டமே இருக்கிறது. காந்தி அரையாடைக்கு மாறிய ஊர்க்காரன் நான்” என்று அவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். சென்னையிலிருந்து கப்பலில் போய் வந்த பக்கத்து வீட்டுக்காரர்களோ, “அங்கே பாதிப் பேர் அரைக்கால் சட்டையோடுதான் திரிகிறார்கள், உங்களுக்கு ஏன் கவலை?” என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது? பட்டுச்சேலை கட்டினால் வேடிக்கை பார்ப்பார்களா? நாங்கள் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அந்தக் கவுனை ஒரு நாள் கதவைத் தாழிட்டுவிட்டுத் தோளில் வைத்துப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்குத் தெரியாது.
— பெயர் வெளியிட வேண்டாம், திருநகர், மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

பட்டுச்சேலை தாராளமாகக் கட்டலாம். அந்த விருந்துக் கூடத்தில் வாடகைக் கோட்டில் நெளிந்துகொண்டிருக்கும் பலரை விட நீங்கள்தான் முறையாக உடுத்தியவராக இருப்பீர்கள். வேடிக்கை பார்ப்பார்கள், அதை மறுக்கவில்லை. இரண்டு பேர் கிட்ட வந்து, எந்த ஊர்ப் பட்டு என்று கேட்கவும் கூடும்.

மருமகள் சொல்வது, பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்வது, இரண்டுமே உண்மைதான். கப்பலில் உடை விதி ஆளைப் பார்த்து வருவதில்லை. நேரத்தையும் இடத்தையும் பார்த்து வருகிறது. பகலில் மேல்தளத்தில் நீச்சல் உடை, அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு எல்லாம் நடக்கும். அதே ஆள் அதே கோலத்தில் இரவு பெரிய விருந்துக் கூடத்துக்குள் வர முடியாது. மூன்று முதல் ஐந்து இரவுப் பயணமென்றால் பெரும்பாலும் ஒரே ஓர் இரவுதான் இந்த அலங்கார விருந்து. அன்றைக்கும் பிடிக்காதவர்கள் பஃபே கூடத்தில் சாதாரண உடையில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். யாரும் பட்டினி கிடப்பதில்லை.

கப்பலுக்குக் கப்பல் கெடுபிடி மாறும். குனார்ட் நிறுவனத்தின் குயின் மேரி 2 போன்ற கப்பல்களில் மாலை 6 மணிக்கு மேல் உடையில் கண்டிப்பு உண்டு. ‘காலா’ எனப்படும் அலங்கார விருந்து இரவுகளில் ஆண்களுக்குக் கறுப்புக் கோட்டோ கருநிற சூட்டோ, கழுத்தில் போ-டையோ டையோ. இதற்கு நேர் எதிராக, நார்வேஜியன் குரூஸ் லைன் 2000-ஆம் ஆண்டு வாக்கிலேயே ‘ஃப்ரீஸ்டைல்’ என்று அறிவித்து, கட்டாய அலங்கார இரவுகளைக் கைவிட்டுவிட்டது. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் குறுகிய பயணங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் வருகின்றன. பக்கத்து வீட்டுக்காரர்கள் போனது, 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கிய கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பலாக இருக்கலாம். அதில் வருகிறவர்கள் பெரும்பாலும் நம் நாட்டவர்கள். சல்வாரும் சேலையும் அங்கே சகஜம். அந்த அனுபவத்தை அப்படியே சிங்கப்பூர்க் கப்பலுக்குப் பொருத்த வேண்டாம்.

அடிக்கடி கப்பலில் போகிறவர்களுக்குள் இந்த உடை விஷயத்தில் ஓயாத சண்டை நடக்கிறது. ஆறு மாதம் முன்பே பணம் கட்டி, நகை தேர்ந்தெடுத்து, அந்த ஓர் இரவுக்காகக் காத்திருந்து வருகிறவர்கள் ஒரு பக்கம். பக்கத்து மேஜையில் ஒருவர் தலையில் தொப்பியும் காலில் ரப்பர் செருப்புமாக உட்கார்ந்தால் அவர்களுக்கு விருந்தே கசந்துவிடுகிறது. “வருஷம் முழுக்க அலுவலகத்தில் டை கட்டித் தொலைக்கிறேன், காசு கொடுத்து வந்த விடுமுறையிலுமா?” என்கிறவர்கள் மறுபக்கம். விமானத்தில் பெட்டிக்கு எடை வரம்பு இருக்கும்போது ஓர் இரவுக் கோட்டுக்காகப் பெட்டியில் பாதியை விடச் சொல்வது நியாயமா என்ற அவர்கள் கேள்வியில் பொருள் இருக்கிறது. விதியை அச்சடித்துக் கொடுத்துவிட்டு வாசலில் யார் வந்தாலும் விட்டுவிடும் கப்பல் ஊழியர்கள் மீது இரண்டு தரப்புக்கும் கோபம்: முதல் தரப்புக்கு விதியை மதிக்கவில்லையே என்று; இரண்டாம் தரப்புக்கு, அப்படியானால் எதற்காக இந்தக் கோட்டைச் சுமந்து வந்தோம் என்று.

என் சாய்வைக் கேட்டால், உடுத்தி வருகிறவர்கள் பக்கம்தான். நாலு பேர் கூடி உண்ணும் இடத்துக்குக் குளித்து நல்லதாக ஒன்றை உடுத்தி வருவது எனக்குச் சுமையாகத் தெரியவில்லை. ஆனால் நல்ல உடை என்றால் அது ஐரோப்பிய உடை மட்டும்தான் என்று யாராவது சொன்னால், அந்த இடத்தில் உங்கள் கணவர் கட்சிக்கு மாறிவிடுவேன்.

அவர் சொல்லும் சட்டம் உண்மையிலேயே இருக்கிறது. 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் ஒரு கிரிக்கெட் சங்கத்தின் கிளப் அரங்கில், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. வேட்டிக்குத் தடை போட்டால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். ஆனால் அது தமிழ்நாட்டின் எல்லைக்குள். கப்பல் எந்த நாட்டுக் கொடியோடு ஓடுகிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான் நடுக்கடலில் செல்லும். உல்லாசக் கப்பல்களில் பல பஹாமாஸ் கொடியோடு ஓடுகின்றன. எனவே சட்டப் புத்தகத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். அதற்கு அங்கே வேலையும் இல்லை. அவரவர் நாட்டின் விழா உடையைக் கப்பல்கள் பொதுவாக ஏற்றுக்கொள்கின்றன. ஸ்காட்லாந்துக்காரர்கள் முழங்கால் வரையிலான பாவாடையைக் கட்டிக்கொண்டு அதே விருந்துக்கு வருகிறார்கள். கணுக்கால் வரை இறங்கும் எட்டு முழ வேட்டியை யார் தடுக்கப் போகிறார்கள்? சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க, மகனை விட்டு அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டுக்கரை வேட்டி, முழுக்கைச் சட்டை, அங்கவஸ்திரம், காலில் நல்ல தோல் செருப்பு. இது போதும். ஒரே ஒரு நிபந்தனை: மடித்துக் கட்டக் கூடாது. மடித்துக் கட்டிய கணத்திலிருந்து அது அரைக்கால் சட்டை. அதற்குள்ள விதிதான் அதற்கும். மேல்தளத்தில் காற்று பலமாக அடிக்கும். வெல்க்ரோ வைத்த வேட்டியோ, அகல பெல்ட்டோ இல்லாமல் அங்கே போக வேண்டாம். உங்கள் முந்தானைக்கும் இரண்டு ஊக்கு கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

காந்தி விஷயத்துக்கு வருகிறேன். 1931 ஆகஸ்ட் 29 அன்று பம்பாயில் ராஜ்புதானா கப்பல் ஏறி, அதே அரையாடையோடு வட்டமேஜை மாநாட்டுக்குப் போனவர் அவர். பக்கிங்ஹாம் அரண்மனைக்கும் அதே உடைதான். ஆனால் அதே மனிதர் 1888-இல் பத்தொன்பது வயதுகூட நிறையாமல் முதன்முதலாகக் கப்பல் ஏறியபோது என்ன நடந்தது என்பது உங்களுக்கு அதிகம் உதவும். முள்கரண்டி பிடிக்கத் தெரியாது. எந்தப் பதார்த்தத்தில் இறைச்சி இல்லை என்று கேட்கக் கூச்சம். சாப்பாட்டு மேஜைக்கே போகாமல், கொண்டுபோன இனிப்பையும் பழத்தையும் அறைக்குள் உட்கார்ந்து தின்றார். கரையில் இறங்கும்போது போடவென்று பத்திரமாக வைத்திருந்த வெள்ளை ஃபிளானல் உடையைப் போட்டுக்கொண்டு இங்கிலாந்தில் இறங்கினார். செப்டம்பர் கடைசி; வெள்ளை உடையில் இருந்தவர் அவர் ஒருவர்தான். கூசிப்போனதாக அவரே எழுதியிருக்கிறார்.

நீங்கள் அப்படி அறைக்குள் அடைந்து கிடக்க வேண்டாம். சைவம் என்று டிக்கெட் எடுத்தபோதே பதிவு செய்திருக்க வேண்டும். செய்தானா என்று மகனிடம் கேளுங்கள். சிங்கப்பூரிலிருந்து போகும் கப்பல்களில் இந்திய சைவ உணவுக்கு ஏற்பாடு உண்டு. ஏறிய அன்றே விருந்துக் கூடத்துப் பணியாளரிடம், முட்டையும் மீனும்கூடக் கூடாது என்று விளக்கிவிடுங்கள். முதல் இரவே மறுநாள் சாப்பாட்டைப் பற்றி அவரே வந்து கேட்பார். வீட்டில் கிளறிய புளியோதரையைப் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றுவதில்லை. சீல் பிரிக்காத ஊறுகாய், பொடிப் பாக்கெட்டுக்குப் பொதுவாகத் தடையில்லை.

இன்னும் சில இருக்கின்றன. உடையை விட இவைதான் உங்களைத் தொல்லைப்படுத்தும். இஸ்திரிப் பெட்டி, ஊதுபத்தி, கற்பூரம், அகல்விளக்கு எதுவும் கப்பலில் கூடாது. கடலில் தீயை விடப் பெரிய பயம் இல்லை. சாமி படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இஸ்திரி கிடையாது என்பதால் சுங்குடிச் சேலைகளைக் கஞ்சி போடாமல் சுருட்டி வையுங்கள். பகலுக்கு அதைவிட வசதியானது இல்லை. சேலையோடு நீச்சல் குளத்தில் இறங்க விடமாட்டார்கள், கரையில் உட்காரலாம். அங்கே காலை ஏழு மணிக்கே சாய்வு நாற்காலிகளில் துண்டைப் போட்டுவிட்டு ஆளே காணாமல் போய்விடுவார்கள். பெரியார் பஸ் நிலையத்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது புதிதல்ல. அரை மணி நேரம் ஆள் வரவில்லை என்றால் துண்டை எடுக்க ஊழியர்களுக்கு அதிகாரம் தந்திருக்கும் கப்பல்கள் உண்டு. நீங்களாக எடுக்காதீர்கள்.

நாடக அரங்கிலும் விருந்துக் கூடத்திலும் குளிர்சாதனம் எலும்பைத் தொடும். சால்வை எடுத்துப் போங்கள். குளியலறையில் காகிதம்தான் இருக்கும், ஒரு பிளாஸ்டிக் குவளை பெட்டியில் இருக்கட்டும். மல்லிகைப் பூ சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் கிடைக்கும். விலை கேட்டதும் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் அருமை தெரியும். புறப்படும் முன் உயிர்காப்புப் பயிற்சி நடத்துவார்கள். ஏழு குட்டைச் சங்கொலி, ஒரு நீண்ட சங்கொலி கேட்டால் எங்கே போய் நிற்க வேண்டும் என்று காட்டுவார்கள். பயப்பட வேண்டாம், தட்டிக்கழிக்கவும் வேண்டாம்.

இனி அந்தக் கவுன். நீங்கள் கேட்ட கேள்விகள் நான்கைந்து. கேட்காமல் சொன்ன ஒரு வரிதான் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது. சேலைதான் நம் பெருமை என்று நான் எழுதி, நீங்கள் அதைக் கணவரிடம் படித்துக் காட்டி, கவுனை மடித்துப் பரணில் போட்டுவிடுவது எளிது. அப்படி எழுத எனக்கு மனமில்லை. பிடித்திருந்தால் போடுங்கள். விருந்து இரவுக்குப் பட்டு, மறுநாள் மாலைக்குக் கவுன் என்று வைத்துக்கொண்டாலும் கப்பலில் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். கணவர் கேட்பார். அவருக்குச் சொல்ல அவர் ஊர்க் கதையே இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீட்டில் அரையாடைக்கு மாறிய காந்தி, சக ஊழியர்களோ வாசகர்களோ தன்னைப் பார்த்து இதை உடுத்த வேண்டும் என்று தான் விரும்பவில்லை என்று அப்போதே எழுதிவிட்டார். வேட்டி உங்கள் கணவருடைய முடிவு. அதை அவர் விட வேண்டாம். உங்கள் பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்பது அந்த முடிவில் சேராது.

மருமகளை இதில் குற்றவாளியாக்காதீர்கள். விதியைப் படித்துப் பதறி, மாமியார் சங்கடப்படக் கூடாது என்று கடைக்கு ஓடிய பெண் அவள். தனியாக ஒரு நாள் போன் செய்து, கவுன் அழகாக இருக்கிறது, விருந்துக்கு நானும் மாமாவும் பட்டில் வருகிறோம் என்று சொல்லுங்கள். கோட்டுக்கு அளவு கேட்பது நின்றுவிடும். கவுனின் தோள்பட்டை பெரிதாக இருந்தால், புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல்காரர்கள் ஒரே நாளில் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

மகனிடம் இன்னொன்றையும் கேளுங்கள். கப்பல் வேறு நாட்டுத் துறைமுகத்தைத் தொட்டுத் திரும்பினால், சிங்கப்பூருக்குள் நீங்கள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள். விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். ஏஜென்டிடம் அதை இப்போதே சொல்லிவிடச் சொல்லுங்கள்.