தகவைக் கலைத்தால் கதவு திறக்குமா?

போன இதழில் முதன்முறையாகக் கிரிப்டிக் வகைக் குறுக்கெழுத்து போட்டோம், அதாவது ஒவ்வொரு குறிப்பே ஒரு புதிராக இருக்கிற வகை. பாராட்டி வந்த கடிதங்களைவிடத் திட்டி வந்தவைதான் அதிகம். அதில் எனக்கு வருத்தமில்லை, ஏனென்றால் திட்டியவர்கள் எல்லாரும் கட்டத்தோடு நன்றாக மல்லுக்கட்டிவிட்டுத்தான் திட்டியிருக்கிறார்கள். சில கடிதங்களுக்கு இங்கே பதில்.

"கலைந்த தகவு தட்டினால் திறக்கும் (3)" என்று குறிப்பு கொடுத்திருந்தீர்கள். முப்பது வருடமாக வார இதழ்க் குறுக்கெழுத்து போடுகிறேன், கலைந்திருக்கிறது என்றால் விடையைத்தானே கலைத்து எழுத வேண்டும்? "கதவு" என்று கண்டுபிடித்து, அதை "வுதக" என்று கலைத்து எழுதினேன். அப்புறம் மேலிருந்து கீழ் ஒன்றுமே பொருந்தவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையே போச்சு, ஐயா.
— வாசகி, யீஷூன்

அம்மா, விடையைச் சரியாகப் பிடித்துவிட்டு அதைக் கையோடு கெடுத்தும் வைத்திருக்கிறீர்கள்! ஆனால் தப்பு உங்கள் மேல் இல்லை, முன்கூட்டியே நான் சொல்லியிருக்க வேண்டும். நம் வார இதழ்களில் "குழம்பியிருக்கிறார்", "திரும்பியிருக்கிறார்", "வலமிருந்து இடம்" என்றெல்லாம் போடுவார்களே, அது விடையைக் கட்டத்துக்குள் எப்படி எழுத வேண்டும் என்ற உத்தரவு. (உள்ளதைச் சொன்னால், கட்டம் போடுகிறவருக்குச் சொல் பொருந்தி வராதபோது அவர் தப்பித்துப் போகிற சந்து அது. நானும் அந்தச் சந்தில் ஓடியவன்தான்.) கிரிப்டிக்கில் விடை எப்போதும் நேராகத்தான் உட்காரும். கலைவது விடை இல்லை, குறிப்பில் இருக்கிற சொல்.

குறிப்பை வாக்கியமாகப் படிக்காதீர்கள், எங்கே வெட்டலாம் என்று பாருங்கள். ஒரு பாதியில் விடையின் பொருள் இருக்கும், மறுபாதியில் விடையின் எழுத்துகள் இருக்கும். பொருள் குறிப்பின் தொடக்கத்தில் வரும், இல்லாவிட்டால் கடைசியில் வரும், நடுவில் வராது. "தட்டினால் திறக்கும்" என்பது பொருள். "கலைந்த தகவு" என்பது எழுத்து. த, க, வு மூன்றையும் இடம் மாற்றினால் க, த, வு. தகவு என்றால் தகுதி, "தக்கார் தகவிலர்" என்று குறளில் படித்திருப்பீர்கள், ஆனால் அந்த அர்த்தத்துக்கு இங்கே வேலையே இல்லை, மூன்று எழுத்தைத் தருவதற்காக மட்டும் அந்தச் சொல் வந்திருக்கிறது. தகவுக்கும் கதவுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்க ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும்தான்.

அதே புதிரில் "காசுக்குள் யமன் தலை நுழைந்தால் ஊர்விட்டு ஊர் போவது (4)". என் மாமியார் வெள்ளிக்கிழமை காலையில் இதைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தையே மூடி வைத்துவிட்டார். விடை "பயணம்" என்று போட்டிருந்தீர்கள். எப்படி வந்தது?
— வாசகி, புக்கிட் பாத்தோக்

மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். காசு என்றால் பணம். யமனின் தலை என்றால் அந்தச் சொல்லின் முதல் எழுத்து, ய. அதைப் பணத்துக்குள் நுழைத்தால் ப-ய-ணம். குறிப்பில் தலை, முகம், முதல், தொடக்கம் என்று எதைப் பார்த்தாலும் முதல் எழுத்தைச் சந்தேகப்படுங்கள். வால், கால், கடைசி என்றால் இறுதி எழுத்து. வயிறு, இதயம், நடு என்றால் இடையில் இருப்பது. தலையை வெட்டச் சொன்னால் முதல் எழுத்து போய்விடும். "தலை வெட்டிய சமையல், மோகம் (3)" என்றால் ச-வை எடுத்துவிடுங்கள், மையல். இதையும் மாமியாரிடம் காட்ட வேண்டாம். யமனுக்குப் பதில் யமுனையின் தொடக்கம் என்று வைத்திருக்கலாம், எழுத்து அதேதான்.

"வேலைக்குப் போக மனமில்லாத நாளில் நிலவு (4)" என்பதற்குத் "திங்கள்" என்கிறீர்கள். நான் ஷிப்ட் வேலை பார்க்கிறேன், எனக்குத் திங்கட்கிழமைதான் லீவு!
— வாசகர், ஜூரோங்

நியாயம்தான், அண்ணே. இந்த வகைக் குறிப்பில் எழுத்துப் பாதி கிடையாது, கிழமை, நிலவு என்று இரண்டு பாதியும் பொருள்தான். உங்களுக்கு மட்டும் மதிப்பெண் உண்டு.

இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு, நமக்கு எதுக்கு என்று என் நண்பர் கேலி செய்கிறார். என்ன பதில் சொல்ல?
— வாசகர், தெம்பனிஸ்

பாதி ஒத்துக்கொள்ளுங்கள். குறுக்கெழுத்தின் முதல் வடிவம் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் வந்தது, ஆர்தர் வின் என்பவர் போட்டது, வைர வடிவக் கட்டம், நேரடிக் குறிப்புகள். அதைக் கோணலாக்கி கிரிப்டிக் ஆக்கியது 1920களில் இங்கிலாந்துக்காரர்கள். அங்கே அஃப்ரிட் என்ற புனைபெயரில் புதிர் போட்டவர் 1949இல் ஒரு விதி சொன்னார். தமிழில் சுருக்கினால், புதிர் போடுகிறவர் நினைப்பது ஒன்றாகவும் சொல்வதுபோல் தோன்றுவது வேறொன்றாகவும் இருக்கலாம், ஆனால் நினைத்ததைக் குறிப்பின் சொற்கள் சரியாகச் சொல்லியே ஆக வேண்டும். வாசகர் ஏமாறலாம், எழுத்து ஏமாற்றக் கூடாது. நான் கும்பிடுகிற விதி இது ஒன்றுதான்.

மீதிப் பாதிக்கு நண்பரிடம் காளமேகத்தைக் காட்டுங்கள். பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே வெண்பா பாடியவர் அவர். "நஞ்சிருக்கும்" என்றால் பாம்பிடம் விஷம் இருக்கும், பழம் நைந்து இருக்கும். "தோலுரிக்கும்" இரண்டுக்கும் பொருந்தும், சொல்லவே வேண்டாம். "திங்கள்" குறிப்பும் அந்த இரட்டுற மொழிதலின் பேரப்பிள்ளைதான்.

"திரும்பி வந்த சிவா, படி (2)" என்பதற்கு "வாசி" என்று உடனே போட்டுவிட்டேன். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். "சிவாவை" என்று எழுதியிருந்தால் கூடுதலாக ஓர் எழுத்து வருகிறதே, அதையும் திருப்ப வேண்டுமா? தமிழில் உருபு ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது?
— உயர்நிலை நான்கு மாணவி, உட்லண்ட்ஸ்

தங்கச்சி, இந்தக் கேள்விக்காகவே உனக்கு ஒரு காப்பி வாங்கித் தரணும். ஆங்கிலப் புதிர்க்காரர்களுக்கு இந்தத் தலைவலி பெரிதாக இல்லை, நமக்கு ஒவ்வொரு குறிப்பிலும் உண்டு. "சிவாவை" என்றால்கூட "சிவா" முழுசாக உள்ளே இருக்கிறது, வந்து ஒட்டியதைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் "தகவைக் கலைத்தால்" என்று நான் எழுதியிருந்தால் "வு" காணாமல் போய் "வை" வந்துவிட்டது, அப்புறம் கதவு எங்கிருந்து வரும்? அது அநியாயம். (இந்தப் பக்கத்தின் தலைப்பில் அந்த அநியாயத்தைச் செய்திருக்கிறேன், தலைப்பு புதிர் இல்லை என்பதால் தப்பித்தேன்.) அதே மாதிரி "சமையலில்" என்றால் "ல்" போய் "லி" ஆகிவிடும். அதனால் எழுத்தைத் தர வேண்டிய சொல் உருபு ஒட்டாமல் மொட்டையாக நிற்க வேண்டும் என்பது என் கட்சி. குறிப்பு கொஞ்சம் தந்தி மாதிரி ஆகும், பரவாயில்லை.

இன்னொரு வழி, ஒட்டுவதையே பயன்படுத்திக்கொள்வது. "அம்மா லைப்ரரி நடுவே சாயும் பொழுது (2)". அம்மாவின் "மா", லைப்ரரியின் "லை", இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, மாலை. "நூலகம்" என்று நல்ல தமிழில் எழுதியிருந்தால் இந்தக் குறிப்பு செத்துப் போயிருக்கும். கட்டக் கணக்கையும் கேட்டிருந்தாய்: க், ப், ம் எல்லாம் தனித்தனிக் கட்டம், உயிர்மெய் எதுவானாலும் ஒரே கட்டம். 247 எழுத்தில் எது வந்தாலும் ஒரு கட்டம்தான்.

நானே ஒன்று எழுதியிருக்கிறேன், தேறுமா பாருங்கள்: "தேக்கு வால் வெட்டி, சோலை நட்டால் கடைகள் நிறைந்த இடம் (3)".
— ஓய்வுபெற்ற வாசகர், ஆங் மோ கியோ

பிரமாதம், ஐயா! தேக்கு, வாலை வெட்டினால் தேக். சோலைக்குக் கா. தேக்கா, நம் லிட்டில் இந்தியா சந்தை. "நட்டால்" என்ற சொல் மரத்துக்கும் பொருந்துகிறது, ஒட்டவைப்பதற்கும் பொருந்துகிறது, அது போதும் எனக்கு. ஒரே குறை பொருள் பாதியில். சிங்கப்பூரில் கடைகள் நிறையாத இடம் எது? ஆட்டிறைச்சி வாங்கப் போகிற இடம் என்றாவது வைத்திருந்தால் காலை ஆறு மணிக்குப் பையோடு கிளம்புகிற எல்லாரும் பிடித்துவிடுவார்கள். ஹொக்கியன் என்ற சீன வழக்கில் அந்தப் பெயருக்கு மூங்கில் அடி என்று பொருள், தேக்குக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நடுவில் கொஞ்ச காலம் அந்தக் கட்டடத்துக்கு மாண்டரின் உச்சரிப்பில் ஜூஜியாவ் என்று பெயர் இருந்தது, 2000இல் மறுபடி தேக்கா ஆனது. ஜூஜியாவ் என்றே இருந்திருந்தால் உங்கள் தேக்கு மரத்தை எங்கே கொண்டுபோய் நட்டிருப்பீர்களோ!

விடை சொல்லாமல் ஒன்றே ஒன்று கொடுங்கள், எம்ஆர்டி ரயிலில் போகும்போது யோசிக்க.
— வாசகர், செங்காங்

"வரச் சொல், பாரம் ஏற்று, சிஓஇ கேட்கும் (4)". (சிஓஇ என்பது சிங்கப்பூரில் ஏலத்தில் எடுக்கிற உரிமைச் சான்றிதழ்.) நீங்கள் எம்ஆர்டியில் போவதற்குக் காரணமே விடையில் இருக்கலாம்.