ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இருக்கும்போது ஒரு மாணவர் பாடம் எடுத்தால் அது கருங்காலித்தனமா?

என்னைக் கருங்காலி, அதாவது வேலைநிறுத்தத்தை உடைக்கிறவன், என்றது வெளியாள் இல்லை, என் அம்மா. அவர் ரீச்சர். 2021 ஜூலை 12 இல் சம்பள முரண்பாட்டுக்காக இலங்கை முழுக்க ஆசிரியர்கள் ஒன்லைன் வகுப்பை நிறுத்தியபோது அவரும் நிறுத்தினார். நான் அப்போது ஏ.எல்., அதாவது உயர்தர மாணவன். நீங்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை யாரோ உங்கள் தலையில் கட்டியிருப்பார்கள்.

வடமராட்சியில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையம், பேப்பர் வாசிக்கிற வாங்கில் ஏழு பிள்ளைகள், எல்லாரும் புலமைப்பரிசில் பரீட்சை எடுக்க இருந்த தரம் 5. நான்கு பேருடைய வீட்டில் ஒரு போன்தான், அதுவும் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். அதாவது வேலைநிறுத்தத்துக்கு முன்பும் அவர்களுக்கு வகுப்பு இருக்கவில்லை, பிறகு நான் எதைக் குழப்பினேன்?

பின்னம் படிப்பிக்கப் பனம்பழம் ஒன்றைப் பிய்த்தேன். மூன்று கொட்டை, ஒன்றை எடுத்தால் மூன்றில் ஒன்று. பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த பழத்தைப் பிய்த்தால் உள்ளே இரண்டு கொட்டை. "அண்ணா, அப்ப இது குறைப் பழமோ?" என்றாள் ஒருத்தி. கையெல்லாம் பனங்களி, வாயில் பதில் இல்லை.

இரவு அம்மாவிடம் சொன்னேன். தேங்காய் துருவியபடியே, "முழுசு எது எண்டு முதல் சொன்னியோ? பேந்தெல்லோ பங்கு. கருங்காலி வேலை எண்டாலும் ஒழுங்காப் பாக்கோணும்" என்றார்.

போராட்டத்துக்கு எதிரானவன் என்று என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். 24 வருடம் இழுபட்ட பிரச்சினை அது. கேட்ட சம்பள உயர்வில் கடைசியில் கிடைத்ததும் மூன்றில் ஒன்றுதான், மிச்சத்துக்கு 2024 ஜூனில் திரும்பவும் சுகயீன விடுமுறைப் போராட்டம். ஆனால் என் சின்னம்மா வன்னியில் வருடக்கணக்காகத் தொண்டர் ஆசிரியர், விடிய ஐந்து மணி பஸ், நியமனப் பட்டியல் வரும்போதெல்லாம் அவருடைய பெயர் இல்லை. சம்பள முரண்பாடு என்று கத்த முதலில் ஒரு சம்பளம் வேண்டுமே! அவருக்காக எந்தச் சங்கமும் ஒருநாள் பள்ளிக்கூடத்தை மூடியதாக நான் காணவில்லை. சரி, அது வேறு கதை.

நீங்கள் படிப்பியுங்கள். காசு வாங்காதீர்கள், வாங்கினால் நானே உங்களைக் கருங்காலி என்பேன்.

2021 ஒக்டோபர் 25 அம்மா வேலைக்குத் திரும்பினார். பரீட்சை 2022 ஜனவரி 22 இல்தான் நடந்தது, இரண்டு பேர் வெட்டுப்புள்ளி தாண்டினார்கள். குறைப் பழம் கேட்டவள் தாண்டவில்லை. இப்போது ரியூசனுக்குச் சைக்கிளில் போகும்போது என்னைக் கண்டால் "குட் மோர்னிங் சேர்" என்பாள், பின்னேரம் நாலு மணிக்கு.