கால் இல்லாத பல்லி உண்மையிலேயே இருக்கிறதா? பாம்பிலிருந்து அதை எப்படிப் பிரித்தறிவது?

இருக்கிறது. ஐரோப்பாவின் தோட்டங்களில் வாழும் ஸ்லோ வோர்ம், வட அமெரிக்காவிலும் ஆசியாவிலும் உள்ள கண்ணாடிப் பல்லிகள், ஆஸ்திரேலியாவின் பைகோபாட் வகைகள் எல்லாமே பல்லி இனத்தவை. இந்தியாவின் வடகிழக்கு மலைகளிலும் ஒரு கண்ணாடிப் பல்லி உண்டு. ஒடிசாவின் சிலிகா ஏரியிலுள்ள பர்குடா தீவில் கிடைத்த, மண்ணுக்குள் வாழும் காலில்லா அரணையை 1917-இல் விலங்கியலாளர் நெல்சன் அன்னண்டேல் விவரித்தார்.

கால் இல்லாவிட்டால் பாம்புதானே என்று கேட்பார்கள். ஊர்வனவற்றில் கால்கள் மறைந்தது ஒருமுறை நடந்த கதை இல்லை. இருபத்தைந்து தடவைக்கு மேல், தனித்தனிக் கிளைகளில் நடந்திருக்கிறது. பாம்புகள் அதில் ஒரு கிளை, அவ்வளவுதான். மலைப்பாம்புக்குக்கூடப் பின்னங்காலின் எச்சம் இருப்பதால், காலை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பலரும் முதலில் சொல்லும் அடையாளம் கண். பாம்புக்கு இமை கிடையாது. ஸ்லோ வோர்மும் கண்ணாடிப் பல்லியும் கண் சிமிட்டும். கண்ணாடிப் பல்லிக்குக் காதுத் துளையும் வெளியே தெரியும். ஆனால் இதையெல்லாம் பார்க்க மிக அருகில் போக வேண்டும். போதாக்குறைக்கு, பைகோபாட்களுக்கும் இமை இல்லை. அவை நம் வீட்டுச் சுவர்ப் பல்லி போன்ற கெக்கோ பல்லிகளின் உறவு. அவற்றைப் போலவே நாக்கால் கண்ணை நக்கித் துடைத்துக்கொள்ளும்.

என்னைக் கேட்டால், உடல் எங்கே முடிந்து வால் எங்கே தொடங்குகிறது என்பதுதான் இந்த விலங்குகளைப் புரிந்துகொள்ளும் வழி. பாம்பில் பெரும்பகுதி உடல், கடைசியில் கொஞ்சம் வால். கண்ணாடிப் பல்லியிலோ மொத்த நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குவரை வாலாகவே இருக்கும். எதிரி பிடித்தால் அந்த வால் உடையும், சில சமயம் பல துண்டுகளாக. துண்டுகள் துள்ளிக்கொண்டிருக்க, பல்லி தப்பிவிடும். உடைந்தவை மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்பது வெறும் கதை. புது வால் மெல்ல முளைக்கும். பழையதைவிடக் குட்டையாக, வேறு நிறத்தில். சேர்த்து வைத்த கொழுப்பும் வாலோடு போய்விடுவதால் அந்த இழப்பு அதற்குச் சின்ன விஷயம் அல்ல. விளையாட்டுக்குக்கூட வாலைப் பிடிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

நகர்வையும் கவனியுங்கள். கண்ணாடிப் பல்லியின் செதிலுக்கு அடியில் எலும்புத் தகடுகள் உண்டு. அதனால் பாம்பு வளைவதுபோல் வழுவழுவென்று வளையாது, விறைப்பாக இருக்கும். அந்தக் கவசத்துக்குள் மூச்சு விடவும் வயிறு விரியவும் இடம் வேண்டுமே, அதற்குத்தான் பக்கவாட்டில் நீளமாக ஒரு மடிப்பு ஓடுகிறது.

இவற்றால் நமக்கு ஆபத்து இல்லை. ஸ்லோ வோர்ம் தோட்டத்து நத்தைகளையும் புழுக்களையும் தின்னும். பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைக் கொல்வது குற்றம். ஆனால் பார்த்தது பல்லியா பாம்பா என்று சந்தேகம் இருந்தால், உறுதி செய்துகொள்வதற்காகக் கையில் எடுக்கவோ குச்சியால் தட்டிப் பார்க்கவோ வேண்டாம். தள்ளி நின்று ஒரு படம் எடுத்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அதற்குள் அது தன் வழியே போய்விடும்.