பயணத்துக்கும் தினசரி வேலைக்கும் ஒரே லேப்டாப்: எடை குறைவாக எதை வாங்கலாம்?

கேள்வி கேட்டவர் மாதத்தில் பாதி நாள் வெளியூர், மீதி நாள் வீட்டிலிருந்து வேலை என்கிறார். கையில் 70 ஆயிரம் இருக்கிறதாம். கிட்டத்தட்ட என் கதைதான். திருச்சியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறேன். கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை என்று வாரத்தில் மூன்று நாளாவது பஸ்ஸிலோ ரயிலிலோ போகும். பத்து வருடத்தில் மூன்று லேப்டாப் வாங்கினேன், முதல் இரண்டும் தப்பு. அந்தத் தப்புகளைச் சொன்னாலே உங்களுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

முதலில் வாங்கியது 15.6 அங்குலம், கேமிங் ரகம், 2.4 கிலோ. "ஒரு தடவைதானே செலவு பண்ணப் போற, பெரிசா வாங்கிடு" என்றான் நண்பன். நான் விளையாடுகிற ஒரே விளையாட்டு எக்செல். இருந்தும் வாங்கினேன். ஒருநாள் கரூரில் ஒரு டெக்ஸ்டைல் யூனிட்டுக்கு ஸ்டாக் பார்க்கப் போயிருந்தேன். பேக்கிங் பகுதியில் நின்ற சூப்பர்வைசர் அண்ணன் என் பையை நகர்த்தி வைக்கத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னங்க சார், உள்ள கல்லா வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். சும்மா இருக்காமல் அட்டைப்பெட்டி எடை போடும் தராசிலேயே வைத்துவிட்டார். 5.150 என்று காட்டியது.

அன்று மதியம் டீ குடித்துக்கொண்டே கணக்குப் போட்டேன். லேப்டாப் 2.4. செங்கல் மாதிரி அதன் சார்ஜர், ஒயரோடு 700 கிராம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ. காலிப் பையே 800 கிராம். மவுஸும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்து கால் கிலோ. பெட்டியில் போட்டிருந்த 2.4 என்பது நான் தினமும் சுமந்ததில் பாதிகூட இல்லை.

அதனால் விளம்பரத்தில் போட்டிருக்கும் எடையை மட்டும் பார்க்காதீர்கள், சார்ஜரையும் சேர்த்துப் பாருங்கள். சாதாரண 65 வாட் சார்ஜரே நம் ஊர் மூன்று பின் தடி ஒயரோடு 350 கிராமுக்கு மேல் வந்துவிடும். யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறும் லேப்டாப்பாக இருந்தால் இந்தத் தொல்லை போய்விடும். 65 வாட் 'கேன்' சார்ஜர் என்று கடையில் கேளுங்கள் (தண்ணீர் கேன் இல்லை, காலியம் நைட்ரைடு). உள்ளங்கையில் அடங்கும், 150 கிராமுக்குள் முடிந்துவிடும். போனுக்கும் அதுவே போதும். ஆனால் ஒன்று: யுஎஸ்பி-சி ஓட்டை இருப்பதாலேயே சார்ஜ் ஏறும் என்று நம்பிவிட வேண்டாம். விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் அது பென்டிரைவ் போடுவதற்கு மட்டும்தான். விவரக் குறிப்பில் 'பவர் டெலிவரி' என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஏப்ரல் 28 முதல் அங்கே விற்கும் லேப்டாப்களுக்கு யுஎஸ்பி-சி சார்ஜிங்கைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதற்காக மாற்றியமைத்த மாடல்கள்தான் பெரும்பாலும் இங்கேயும் வரும், ஆகவே இனி இந்தக் குழப்பம் குறையும்.

ரயிலில் சார்ஜ் போடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் இருக்கும் சாக்கெட் 110 வோல்ட். பயப்பட வேண்டாம், லேப்டாப் சார்ஜரில் '100–240' என்று அச்சிட்டிருக்கும், தாராளமாகப் போடலாம். பிரச்சினை வேறு. பல பேர் சொருகிச் சொருகி அந்த சாக்கெட் தளர்ந்து போயிருக்கும். சுவரிலேயே நேராகச் சொருகும் சார்ஜர் அதில் நிற்காது, வண்டி ஒரு குலுங்கு குலுங்கினால் கீழே விழும். இரண்டு மீட்டர் கேபிள் வாங்கிக்கொண்டால் சார்ஜரை இழுக்காமல் தள்ளி உட்காரலாம். தீ விபத்து பயத்தில் இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை சார்ஜிங் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி 2021இல் ரயில்வே உத்தரவிட்டது. ராத்திரி வண்டியில் ஏறும்போது பேட்டரி நிறைந்திருப்பது நல்லது.

பேட்டரி விஷயத்தில் '18 மணி நேரம்' போன்ற விளம்பரங்களை நம்பாதீர்கள். திரை வெளிச்சத்தைக் குறைத்து, ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டி எடுத்த கணக்காக இருக்கும். பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் வாட்-அவர் எவ்வளவு என்று பாருங்கள். எக்செல், பிரௌசர் என்று சாதாரண வேலைக்கு 7–8 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், 50 வாட்-அவர் பேட்டரி ஆறரை மணி நேரம் வரும். 70 இருந்தால் ஒன்பது மணி நேரம் தாராளம். விமானத்தில் போகிறவர்களுக்கு 100 வாட்-அவர் வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை, எடை குறைந்த லேப்டாப் எதுவும் அந்த அளவைத் தாண்டாது. பவர் பேங்க் மட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போட்டால் எடுக்கச் சொல்லிவிடுவார்கள்.

சரி, இரண்டாவது தப்புக்கு வருகிறேன். 5.150 பார்த்த சூட்டில் அடுத்த கோடிக்குப் போனேன். 13.3 அங்குலம், 1.1 கிலோ, பார்க்க நோட்டுப்புத்தகம் போல இருந்தது. வாங்கிய புதிதில் பையில் இருக்கிறதா இல்லையா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வேன். ராம் (திறந்து வைத்திருக்கும் வேலைகளைத் தாங்கும் நினைவகம்) 8 ஜிபி. "அப்புறமா கூட்டிக்கலாம்" என்று நினைத்தேன். மெல்லிய லேப்டாப்களில் பெரும்பாலும் ராமை மதர்போர்டிலேயே வைத்துச் சாலிடர் செய்துவிடுகிறார்கள், பிறகு கூட்டவே முடியாது என்பது எனக்குத் தெரியவில்லை. டேலி கணக்கு மென்பொருள், நாலைந்து எக்செல், ஜிஎஸ்டி தளம், வருமான வரித் தளம், நடுவில் ஒரு வீடியோ மீட்டிங். இரண்டே வருடத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆகவே ராம் 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைப் பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களில் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், அதில் 512 ஜிபி போதும். காசு இழுபறி என்றால் எஸ்எஸ்டியில் குறையுங்கள், ராமில் கை வைக்காதீர்கள்.

அந்த லேப்டாப்பில் இரண்டே இரண்டு யுஎஸ்பி-சி ஓட்டைகள், வேறெதுவும் கிடையாது. ஒரு செப்டம்பர் 30, டாக்ஸ் ஆடிட் அறிக்கைக்குக் கடைசி நாள். புதுக்கோட்டையில் ஓர் அரிசி மில். எல்லாம் முடிந்து டிஜிட்டல் கையெழுத்து போட வேண்டியதுதான் பாக்கி. சி ஓட்டையில் மாட்டி மற்ற ஓட்டைகளைத் தரும் ஹப்பைத் திருச்சியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். கையெழுத்து டோக்கனோ (டிஜிட்டல் கையெழுத்து இருக்கும், பென்டிரைவ் மாதிரி ஒரு சாதனம்) பழைய அகலமான யுஎஸ்பி. மணி ஒன்பது. மில் பையன் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போய், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட ஒரு மொபைல் கடையில் 150 ரூபாய்க்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கித் தந்தான். அன்றிலிருந்து எடையைப் பார்ப்பதற்கு முன்னால் ஓட்டைகளைத்தான் எண்ணுகிறேன். ஒரு சாதாரண யுஎஸ்பி, ஒரு எச்டிஎம்ஐ, இரண்டு சி. இதில் எது குறைந்தாலும் அதற்கான ஹப்பும் உங்கள் பையில் எடைதான்.

இப்போது வைத்திருப்பது 14 அங்குலம், 1.35 கிலோ. சார்ஜர், கேபிள், மவுஸ் எல்லாம் சேர்த்து 1.7க்குள். என் கணிப்பில் 1.2 முதல் 1.4 வரைதான் சரியான இடம். அதற்குக் கீழே விலை எகிறுகிறது. எல்ஜி கிராம் 14 அங்குலம் 999 கிராம். திங்க்பேட் எக்ஸ்1 கார்பனின் 13ஆம் தலைமுறை ஒரு கிலோவுக்குள் வந்துவிட்டது. இரண்டும் அருமையான சாமான்கள், ஆனால் 70 ஆயிரத்தில் புதிதாக எட்டாது. 2.4இலிருந்து 1.4க்கு வருவதற்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். 1.3இலிருந்து 1.0க்கு வர இன்னொரு 40 ஆயிரம் கொடுப்பதற்குப் பதில் தண்ணீர் பாட்டிலை அரை லிட்டராக மாற்றிக்கொள்ளலாம். உங்கள் தொகையில் ஏசர் ஸ்விஃப்ட் கோ 14, ஆசுஸ் விவோபுக் எஸ்14, லெனோவோ ஐடியாபேட் ஸ்லிம் 5 ஆகியவற்றின் 14 அங்குல மாடல்களைப் பாருங்கள். ஒரே பெயரில் பத்து வகை விற்பார்கள், ராமும் திரையும் எது என்று பார்த்து எடுங்கள். பண்டிகைத் தள்ளுபடி வரை பொறுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

14 அங்குலத்துக்கு ஏன் இவ்வளவு பரிந்து பேசுகிறேன் என்றால், ஏசி சேர் கார் ரயிலில் முன் சீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் சாய்ந்துகொள்வார். பெரிய திரை அந்த இடுக்கில் மாட்டிக்கொள்ளும். 14 தப்பிவிடும். ஒரே குறை, வலது பக்க நம்பர் பேட் இருக்காது. என்னைப் போல நாள் முழுக்க எண் அடிக்கிற ஆளாக இருந்தால் தனி நம்பர் பேட் வாங்கிக்கொள்ளுங்கள், நூறு கிராம்தான் இருக்கும்.

திரை வெளிச்சத்தை நிட்ஸ் கணக்கில் போடுவார்கள். 250 என்றால் வீட்டுக்குள் மட்டும். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு 400 இல்லாமல் கஷ்டம். ஓஎல்இடி திரையில் படம் பார்க்க அழகு, ஆனால் பளபளப்பு. பகல் வண்டியில் பேலன்ஸ் ஷீட்டைவிட என் முகம்தான் நன்றாகத் தெரிந்தது. பளபளப்பில்லாத மேட் திரை கிடைத்தால் எடுங்கள்.

பிராசஸரைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஏஎம்டியின் 7000 வரிசையில் மூன்றாவது எண்ணைப் பாருங்கள். ரைசன் 5 7520யு என்றால் உள்ளே இருப்பது ஜென் 2, அதாவது 2019இல் வந்த வடிவமைப்பு. 7530யு ஜென் 3. 7540யு ஜென் 4. பார்க்க ஒரே குடும்பம் மாதிரி இருக்கும், விற்பவரும் அப்படித்தான் சொல்வார். ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப் போட்ட லேப்டாப்களில் பேட்டரி பிரமாதமாக நிற்கிறது, ஆனால் பழைய கருவிகளுக்கு அந்த சிப்புக்கென்றே எழுதிய டிரைவர் மென்பொருள் இருந்தால்தான் ஓடும். கையெழுத்து டோக்கன், பழைய பிரிண்டர், ஸ்கேனர் என்று வைத்திருப்பவர்கள் முதலில் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

மேக்புக் ஏர் வாங்கலாமா என்று பின்னூட்டத்தில் கேட்பீர்கள். எம்2 சிப் முதல் எம்4 வரை 13 அங்குல மாடல் 1.24 கிலோ, மின்விசிறியே இல்லை, சத்தமும் இல்லை. எழுத்து, டிசைன், புரோகிராமிங் வேலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பட்ஜெட் கொஞ்சம் ஏறும். பழைய ஸ்டாக்கில் 8 ஜிபி கிடக்கும், தவிர்த்துவிடுங்கள். 2024 அக்டோபரிலிருந்துதான் 16ஐ அடிப்படையாக்கினார்கள். எனக்கு ஒத்துவராததற்கு ஒரே காரணம் டேலி. அது விண்டோஸுக்குத்தான்.

காசு இன்னும் குறைவு என்றால் சென்னை ரிச்சி தெருவில் கம்பெனிகள் கழித்துவிட்ட லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிட்யூட் லேப்டாப்கள் கிடைக்கும். இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே எடுக்காதீர்கள், விண்டோஸ் 11க்கு முறையான ஆதரவு கிடையாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. பேட்டரி அநேகமாக மாற்ற வேண்டியிருக்கும், அந்தக் காசையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

அப்புறம் உறுதி. 'ராணுவத் தரம்' என்று போட்டிருந்தால், கம்பெனி சில சோதனைகளைச் செய்து பார்த்திருக்கிறது என்றுதான் அர்த்தம், மேலே ஏறி உட்காரலாம் என்றில்லை. என் 1.1 கிலோ அழகியின் முடிவு அப்படித்தான் வந்தது. சார்ஜரை மூடிக்கு மேலேயே வைத்துப் பையை மூடியிருந்தேன். பஸ்ஸில் யாரோ ஒரு மூட்டையை அதன்மேல் சாய்த்துவிட்டார்கள். சார்ஜர் முனை அழுத்திய இடத்திலிருந்து சிலந்தி வலை மாதிரி கோடு. திரை மாற்ற சர்வீஸ் சென்டரில் சொன்ன தொகை லேப்டாப் விலையில் மூன்றில் ஒரு பங்கு. வாங்கும்போதே விபத்துப் பாதுகாப்புத் திட்டம் எடுத்திருந்தால் சில ஆயிரத்தோடு போயிருக்கும். அதோடு உங்கள் ஊரில் சர்வீஸ் உண்டா, வீட்டுக்கே ஆள் வருவார்களா என்றும் கேளுங்கள்.

வீட்டில் வேலை பார்க்கும் நாட்களுக்கு ஒரு 24 அங்குல மானிட்டர் வாங்கி எச்டிஎம்ஐயில் மாட்டிவிடுங்கள், 14 அங்குலம் சின்னது என்ற வருத்தம் போய்விடும். அப்படி நாள் முழுக்கச் சார்ஜரில் கிடக்கும்போது பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதியைப் போட்டுவிடுங்கள், பெரும்பாலான பிராண்டுகளின் சொந்த ஆப்பிலேயே இருக்கும். நான் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மட்டும் அதை எடுத்துவிட்டு நூறு வரை ஏற்றிக்கொள்வேன். திங்கள் காலை முதல் பஸ்.