வீட்டு விருந்துக்கு ஆளுக்கு ஒன்றாகச் சீஸ் வைத்த மீட்லோஃப் (கொத்துக்கறியைப் பிசைந்து பிடித்து அடுப்புக்குள் வைத்து வேகவைக்கும் பண்டம்) செய்தால் சீஸ் எல்லாம் வெளியே ஒழுகிவிடுகிறது. பேசாமல் ஒரே பெரிய மீட்லோஃபாகச் செய்துவிடலாமா?

வேண்டாம். ஒழுகுவதை நிறுத்த வழி இருக்கிறது. ஆளுக்கொன்றாகச் செய்வதில் கிடைக்கும் வசதி பெரிய மீட்லோஃபில் எந்த நாளும் கிடைக்காது என்பதே என் கட்சி.

உங்கள் வீட்டில் யார் யார் சாப்பிடுவார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் வீட்டு விருந்து என்று சொல்லியிருப்பதால், ஒருவர் மாட்டிறைச்சியைத் தொடமாட்டார், ஒருவருக்கு வெங்காயம் ஆகாது, குழந்தைக்குச் சீஸைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்கிற நிலைதான் அங்கும் இருக்கும் என்று ஊகித்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டு நிலை அதுதான்.

நாங்கள் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டை ஒட்டிய புறநகர் ஒன்றில். மருமகள் ஓஹையோக்காரப் பெண். சம்பந்தியம்மா மீட்லோஃப் செய்வதில் கைதேர்ந்தவர். ரொட்டித் தூளுக்குப் பதிலாகச் சால்டீன் உப்பு பிஸ்கட்டை நொறுக்கிச் சேர்ப்பது அவருடைய தாயார் காலத்து வழக்கம். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில், கொஞ்சம் கறியை வைத்துக்கொண்டு நிறைய வயிறுகளை நிரப்ப வேண்டியிருந்த அமெரிக்கக் குடும்பங்கள் பிஸ்கட்டையும் ஓட்ஸையும் காய்ந்த ரொட்டியையும் கறியோடு பிசைந்து சமாளித்ததில்தான் இந்தப் பண்டம் அங்கே வீட்டுக்கு வீடு பரவியது என்பதை அவர் பெருமையோடு சொல்வார். ரொட்டி அச்சு போன்ற நீளப் பாத்திரத்தில் வேகவைத்து, மேசைக்குக் கொண்டுவந்து, எல்லோர் கண்முன்னாலும் துண்டு போட்டுப் பரிமாறினால்தான் அது மீட்லோஃப் என்பதும், தனித்தனியாகப் பிடித்து வைப்பதெல்லாம் பள்ளிக்கூடச் சாப்பாடு என்பதும் அவர் தீர்ப்பு.

என் கணவர் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. எல்லோர் தட்டிலும் ஒரே பண்டம் இருக்க, அவர் ஒருவர் மட்டும் மேசையின் மூலையில் தயிர்சாதத்தோடு உட்காருவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் நான் சின்ன மீட்லோஃபுக்கு மாறினேன். அவருக்கும் எனக்கும் வான்கோழிக் கறி, மற்றவர்களுக்கு மாட்டுக்கறி, பேரனுக்கு வெங்காயம் போடாமல் சீஸ் கூடுதலாக வைத்த ஒன்று. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். அடையாளத்துக்காக மாட்டுக்கறியின் மேல் கெட்சப்பும் வான்கோழியின் மேல் பார்பிக்யூ சாஸும் தடவிவிடுகிறேன். மாட்டுக்கறி வேகும் வீட்டில் அதைத் தொடாதவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று கேட்கக் கிளம்புகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: தட்டு தனி, கரண்டி தனி, ட்ரே தனி, அவரே மனமுவந்து உட்காருகிறார், இதில் மற்றவர் வருத்தப்பட எதுவுமில்லை.

இனி உங்கள் சீஸுக்கு வருகிறேன். நீங்கள் துருவிய சீஸைக் கறியோடு சேர்த்துப் பிசைகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தால் ஓரத்தில் இருக்கும் துகள்கள் உருகி ட்ரேயில் வழிந்து கருகத்தான் செய்யும். சீஸ் நடுவில் ஒரே துண்டாக இருக்க வேண்டும், அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் அரை அங்குலமாவது கறி இருக்க வேண்டும். நாள்பட்ட ஷார்ப் செடார் தின்னச் சுவையானதுதான். ஆனால் சீஸ் முதிர முதிர அதன் புரதக் கட்டு தளர்ந்துவிடுவதால் சூட்டில் எண்ணெய் தனியாகப் பிரிந்து வடிந்துவிடும். இளசான செடார், மான்டெரே ஜாக், அல்லது பிள்ளைகளுக்குப் பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் மொசரெல்லா ஸ்ட்ரிங் சீஸ் ஆகியவை சொன்னபடி கேட்கும். ஸ்ட்ரிங் சீஸ் குச்சியைப் பாதியாக ஒடித்தால் ஒரு மீட்லோஃபுக்குச் சரியான அளவு. அரை மணி நேரம் ஃப்ரீஸரில் போட்டு விறைக்க வைத்து, பிறகு உள்ளே வையுங்கள். கறி வெந்து இறுகும் வரை சீஸ் உருகாமல் தாக்குப் பிடிக்கும். கோலா உருண்டை உருட்டிப் பழகிய கைக்கு, வெடிப்பு தெரியாமல் மூடுவது எப்படி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொத்துக்கறி, கடையில் 80/20 (நூற்றுக்கு எண்பது பங்கு கறி, இருபது பங்கு கொழுப்பு) என்று எழுதியிருக்கும் பொட்டலமாக இருக்கட்டும். கொழுப்பு இதைவிடக் குறைந்தால் வறண்டுபோகும். இரண்டு பவுண்டு கறிக்கு ஒரு கப் சால்டீன் தூளை முக்கால் கப்புக்குச் சற்றுக் குறைவான பாலில் ஊறவைத்துக் கூழாக்கி, இரண்டு முட்டை, வதக்கி ஆறவைத்த ஒரு வெங்காயம், மிளகுத்தூள், கொஞ்சம் வூஸ்டர் சாஸ், அளவாக உப்பு சேர்த்தால் எட்டுப் பேருக்கு வரும். பிஸ்கட்டிலேயே உப்பு இருப்பதை மறக்க வேண்டாம். கலந்ததும் கையை எடுத்துவிடுங்கள். உப்புப் போட்ட கறியைச் சப்பாத்தி மாவு போலப் பிசைந்தால் அதன் புரதம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ரப்பராகிவிடும். மஃபின் குழிகளில் அழுத்தி வைக்கச் சொல்லும் குறிப்புகள் ஏராளம். அதில் கொழுப்பு வடிய வழியில்லாமல் கறி அதிலேயே ஊறிக் கிடக்கும் என்பதால், தட்டையான ட்ரேயில் ஒன்றோடொன்று ஒட்டாமல் வைப்பதையே நான் விரும்புகிறேன். சுற்றிலும் சிவந்து, சாஸும் மூன்று பக்கமும் பிடிக்கும்.

375 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 25 முதல் 30 நிமிடம் போதும். பெரிய மீட்லோஃப் என்றால் ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். நிமிடக் கணக்கை மட்டும் நம்பாமல் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள்: மாட்டுக்கறிக்கு 160, வான்கோழிக்கு 165. முனை சீஸில் இறங்கினால் கணக்குத் தப்பும், ஆகவே பக்கவாட்டில் கறியில் குத்த வேண்டும். உள்ளே நிறம் மாறிவிட்டது என்பதை வைத்து வெந்ததாக முடிவு செய்யக்கூடாது. முழுதாக வேகும் முன்பே பழுப்பாகிவிடும் கறியும் உண்டு.

அடுப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முன்பு நாங்கள் இருந்த வாடகைக் குடியிருப்பில், குமிழை 375இல் வைத்தால் உள்ளே தொங்கவிட்ட வெப்பமானியின் முள் 330ஐத் தாண்டாது. புகார் கொடுத்ததும் வந்த பராமரிப்பு ஆள் கதவைத் திறந்து உள்ளங்கையை நீட்டி, ‘நன்றாகத்தானே சுடுகிறது’ என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அலுவலகத்தில் கேட்டால், குடியிருப்பவர் வாங்கிய வெப்பமானியை அவர்கள் ஏற்பதில்லையாம். வாடகையை மட்டும் ஒரு நாள் தாமதமானாலும் அபராதத்தோடு ஏற்றுக்கொள்வார்கள். சூடு குறைந்த அடுப்பில் கறி இறுகுமுன் சீஸ் இளகிவிடும் என்பதால், உங்கள் அடுப்பையும் ஒரு முறை சோதித்துக்கொள்வது நல்லது.

சம்பந்தியம்மா எங்கள் வீட்டில் மாட்டுக்கறியில் ஒன்றும் வான்கோழியில் ஒன்றும் சாப்பிட்டார். முள்கரண்டியால் பிளந்ததும் சீஸ் நூல்நூலாக இழுத்துக்கொண்டு வந்ததைப் பேரனுக்குக் காட்டிச் சிரித்தார். ஆனாலும் இது மீட்லோஃப் அல்ல, சீஸ் அடைத்த ஹாம்பர்கர் என்பதில் இன்றுவரை உறுதியாக இருக்கிறார். அவர் வீட்டுக்குப் போனால் நானும் வெட்டிய துண்டைத்தான் சாப்பிடுகிறேன்.

விருந்தன்று கூட்டத்தில் உருட்ட முடியாது என்றால் முதல் நாள் இரவே பிடித்து மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். குளிர்ந்திருப்பதால் ஐந்து நிமிடமாவது கூடுதலாகப் பிடிக்கும். சாஸின் பாதியை முதலிலும் மீதியைக் கடைசிப் பத்து நிமிடத்திலும் தடவுங்கள். வெளியே எடுத்தவுடன் பரிமாறாமல் ஐந்து நிமிடம் விட்டால் சீஸ் சற்றே கெட்டிப்பட்டு, பிளந்ததும் தட்டில் கொட்டிவிடாமல் நிற்கும்.